பெரியப்பாவின் ஆங்கிலக் கல்வெட்டு

கணினியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரை நம்பி வீட்டில் ஒரு கணினியை விட்டுவைக்கலாம். அவர் அதைத் துணியால் மூடி, மேலே ஒரு பூச்சாடியை வைப்பார். எல்லாம் தெரிந்தவரையும் நம்பலாம். ஆறுமாத டிப்ளோமா முடித்தவரை மட்டும் நம்பக்கூடாது. நான் ஆறுமாத டிப்ளோமா முடித்தவள்.

சமாதானம் என்று பெயர் வைக்கப்பட்டிருந்த காலம் அது. யுத்தம் கொஞ்சம் ஓய்வெடுத்தது. திருகோணமலையில் ஹர்த்தால் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைக்கே ஒரு கணினிதான், அது எங்கள் வீட்டில் இருந்தது. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ் எல்லாம் என்னிடம் வரும். (தலைக்கனமும் கூடவே வந்தது.)

அடுத்த வீட்டுப் பெரியப்பா காலமானபோது கல்வெட்டு அடிக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது. இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி, முப்பத்தோராம் நாள் சடங்கில் எல்லோர் முன்னாலும் வாசித்து, பிறகு புத்தகமாகக் கொடுப்பதுதான் எங்கள் ஊரில் கல்வெட்டு. பெரியப்பாவின் கூட்டாளியான மூதூர்ப் புலவர் ஒருவர் பாட்டுகளை எழுதித் தந்திருந்தார்.

பெரியம்மாவுக்குப் புத்தகம் பெரிதில்லை, வாசிப்புத்தான் பெரிது. அவருடைய ஒரே மகன் குமார் அண்ணா சுவிஸில் இருந்தார். விசா சரிவராததால் தகப்பனின் செத்தவீட்டுக்கு வரமுடியவில்லை.

"அவன் முகமும் பாக்கேல்ல, கொள்ளியும் வைக்கேல்ல. கல்வெட்டு வாசிக்கேக்க எண்டாலும் போனில கேக்கட்டும் பிள்ளை. அவனுக்கு அது ஒண்டுதான் மிச்சம்" என்றார் பெரியம்மா.

"நீங்கள் யோசியாதேங்கோ. எல்லாம் கொம்பியூட்டரில பத்திரமா இருக்கு" என்றேன்.

பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு பிளொப்பியிலும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். கணினி வந்த பிறகு காகிதம் எதற்கு என்று, புலவர் கைப்பட எழுதித் தந்த தாள்களைக் குசினியில் அடுப்பு மூட்டக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு முன்னேறிய பெண் பாருங்கள்.

சடங்குக்கு முதல் நாள் ஹர்த்தால் தொடங்கியது. அச்சகமும் கடைகளும் பூட்டு. புத்தகத்தைப் பிறகு அடிக்கலாம், வாசிப்பதற்கு ஒரு பிரதியைக் காலையில் வீட்டுப் பிரிண்டரில் எடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. மத்தியானம் எனக்கு வேலை இல்லை. மேசையில் ஒரு சீடி கிடந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ், கூடப்படித்த ஒருத்தி கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. இலவசம், வைரஸ் வராது, கெட்டிக்காரர்தான் பாவிப்பார்கள் என்று சொல்லியிருந்தாள். முதல் இரண்டு காரணங்களுக்காகத்தான் போட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. பொலிஸ் பதிவில்கூட என்னிடம் அவ்வளவு கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று அழுத்திக்கொண்டே போனேன். முழு வட்டையும் அழிக்கவா என்றும் கேட்டது. அதற்கும் ஓம். பின்னேரம் புதுத் திரை நீலமாக வந்து நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வடிவா இருக்கு. முந்தியதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். அம்மாக்களுக்குத் தொழில்நுட்பம் விளங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பிளொப்பியைப் போட்டுக் கல்வெட்டைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

அந்த நாளில் நாங்கள் தமிழ் அடித்தது பாமினி என்ற எழுத்துருவில். கணினிக்குள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடும். அந்தச் சட்டையை நான் விண்டோஸோடு சேர்த்து அழித்துவிட்டேன். 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. பெரியப்பாவின் முழு வாழ்க்கையும் அரைப்புள்ளியாகக் கிடந்தது.

ஹர்த்தால் முடியவில்லை, பாமினியை வாங்கிவரக் கடை இல்லை. புலவரைக் கூட்டிவர மூதூர் லோஞ்சுப் படகும் ஓடவில்லை. அடுத்த வீட்டில் சனம் சேர்ந்துவிட்டது, குமார் அண்ணாவின் அழைப்பு வரும் நேரமும் ஆகிவிட்டது. விசைப்பலகையில் கையை வைத்தபடி திரையையே பார்த்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். 'எம்' கண்ணுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விரல் அந்த விசையில் பட்டதும் வாய் தானாக 'அ' என்றது. எழுத்துகள் விரலுக்குத் தெரிந்திருந்தன. தமிழில் எழுதிக்கொள்ள நேரமில்லை. உள்ளதை உள்ளபடியே அச்செடுத்துக்கொண்டு, நானே வாசிக்கிறேன் என்று ஓடினேன்.

தொலைபேசியை ஒரு கதிரையில் வைத்து, ரிசீவரை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஒரு கையில் தாள். மற்றக் கை மடியில் இல்லாத விசைப்பலகையைத் தட்டியது.

"திரு... மலையில்... வந்து... தி... த்த... செல்வத்... திரு... மகனே..."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்தேன். நான் தடக்கிய இடமெல்லாம் பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் வந்தது. பிள்ளைக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறதாம். என் விரல்கள் ஆடுவதைக் கண்ட ஒரு மாமி தண்ணீர் கொண்டுவந்து பருக்கிவிட்டார். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் வீடே அழுதது.

பக்கத்தில் இருந்தவர் துறைமுகத்து மாமா. துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பல் கப்டன்மாரோடு ஆங்கிலத்தில் சண்டை பிடித்தவர் (தகவல்: அவரே). அவர் என் தாளை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நான் முடித்ததும் எழும்பி நின்றார்.

"பிள்ளை இவ்வளவு நேரமும் பாத்து வாசிச்சது இங்கிலீசு. அதை உடனுக்குடன் தமிழாக்கிச் சொன்னது. அதுவும் லேசுப்பட்ட இங்கிலீசு இல்லை. எனக்கே ஒரு சொல்லும் விளங்கேல்ல."

சனம் என்னை மரியாதையோடு பார்த்தது. பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் ரிசீவருக்குள்ளிருந்து குமார் அண்ணாவின் குரல் வந்தது. "என்ன, அப்பாவின்ர கல்வெட்டு இங்கிலீசிலயோ?" பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, பயந்துபோன பார்வை. அந்த முகத்துக்குப் பொய் சொல்ல என்னால் ஏலாமல் போயிற்று. ரிசீவரை எடுத்து லினக்ஸிலிருந்து அடுப்புவரை எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உண்மையாகவே அழுதேன்.

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனுசன் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப நீ விக்கி விக்கி வாசிச்சது?"

"எழுத்துத் தேடினனான் அண்ணா."

"எடியே, நீ நிப்பாட்டின இடமெல்லாம் நான் இஞ்ச குளறி அழுதனான்" என்றவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். சிரிப்பு ரிசீவரைத் தாண்டி வெளியே கேட்டது.

"ஆர் சிரிக்கிறது? குமாரோ?" பெரியம்மா ரிசீவரைப் பறித்துக் காதில் வைத்தார். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடிப்போய்ப் பிடித்தோம். அழவில்லை.

பாமினியைத் தேடிப்பிடித்தேன், புத்தகமும் பிறகு ஒழுங்காக வந்தது. புலவர்தான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்கிலீசுப் பிரதி இல்லையோ?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

குமார் அண்ணாவின் மகள் சுவிஸில் பிறந்தவள், அவளுக்கு நான் மாமி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாக எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். போன கிழமை தொலைபேசியில் எனக்கு ஒரு பாடம் வாசித்துக் காட்டினாள். "அம்... மா... இங்... கே..." என்று தொடங்கி அடுத்த சொல்லில் மாட்டுப்பட்டு நின்றாள். பின்னாலிருந்து குமார் அண்ணாவின் குரல் கேட்டது.

"மாமி மாதிரியே வாசிக்கிறாய் மகள். அதில கொஞ்சம் நில்லு, அப்பா அழுதிட்டு வாறன்."