களையும் வளரட்டும் என்றேன்

வேதத்தைத் தப்பாகப் படித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் உண்டு. சபையைக் கெடுத்தவர்களும் உண்டு. முட்டைக்கோஸைக் கெடுத்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் நடுவில் தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் அப்பா ஆபீஸ் கிளார்க். எனக்கு இருபத்தொரு வயது. மதுரையில் பத்து நாள் வேதபாடப் பயிற்சி முடித்து, ஒரு சான்றிதழும் ஒரு தொண்டையுமாக மலையேறி வந்து ஞாயிறுப் பள்ளி டீச்சரானேன். (சான்றிதழை அப்பா அலமாரியில் வைத்துப் பூட்டினார். தொண்டையைப் பூட்ட வழியில்லை.)

எங்கள் சபைக் கோயிலுக்குக் கீழே ஓடையோரமாகச் செல்லத்தாயி அக்காவின் காய்கறித் தோட்டம். கொழுந்து பறிக்கிறவர், கணவர் இல்லை. லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் விட்டுக்கொடுக்கும் துண்டு நிலம் அது. செடி கொடியைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விசுவாசப் பாடம் நடத்த இடம் வேண்டும் என்று நான்தான் வலியப் போய்க் கேட்டேன். அப்போது அவர் மகள் பிரசவத்துக்குக் கோவில்பட்டி கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்ன பாடம் வேணும்னாலும் நடத்துங்க டீச்சரம்மா. களையை மட்டும் பறிச்சிப் போட்டுருங்க. மாசக் கடைசியில தொரை பாக்க வருவாரு. புல்லு மண்டிக் கெடந்தா எடத்தப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. சோத்துக்குத் தொட்டுக்க எங்களுக்கு அந்தக் காய்தான்.”

“கவலையே படாதீங்கக்கா” என்றேன். கவலைப்பட வேண்டியதே என்னைப் பற்றித்தான் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் பாடம், கோதுமையும் களையும். களையைப் பிடுங்க வேண்டாம், அறுப்பு வரைக்கும் இரண்டும் சேர்ந்தே வளரட்டும் என்று எஜமான் வேலைக்காரர்களுக்குச் சொல்லும் உவமை. அது கடைசி நாளில் கடவுள் நல்லவரையும் கெட்டவரையும் பிரிக்கும் நியாயத்தீர்ப்பைப் பற்றியது. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மேதாவிக்கோ அது விவசாயக் குறிப்பாகப் பட்டது. பன்னிரண்டு பிள்ளைகளை வரப்பில் நிறுத்தி, “ஒருத்தரும் ஒரு புல்லைத் தொடக் கூடாது” என்று உத்தரவு போட்டேன்.

ஒன்பது வயது பாக்கியம் கையைத் தூக்கினாள். அவள் அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்தான்.

“டீச்சர், அது கோதும. இது கோஸு.”

விசுவாசம் போதாது என்று சொல்லி அவளை அங்கேயே முட்டி போட வைத்தேன். (அந்த வரப்பில் மூளையோடு நின்ற ஒரே ஆள் அவள்!)

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் ஞாயிறு கோஸ் கண்ணிலேயே படவில்லை. “பாத்தீங்களா, சாத்தான் எவ்வளவு சுறுசுறுப்பு!” என்று பெருமையாகக் காட்டினேன். வெட்கங்கெட்டவள்.

கடைசி ஞாயிறு மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது செல்லத்தாயி அக்கா பஸ் இறங்கிய கையோடு பையும் ஆளுமாக வந்து நின்றார்.

“டீச்சரம்மா, என் தோட்டம் எங்க?”

“இதுதான்க்கா.”

“களை பறிக்கலையா?”

“அறுப்பு வரைக்கும் விட்டு வைக்கணுமாம்க்கா.”

“எவன் சொன்னான்?”

“இயேசு சாமி.”

பையைக் கீழே வைத்தார். “ஏட்டி, அவரு தச்சு வேல பாத்தவருல்லா? கோஸு போட்டவரா?”

டீச்சரம்மா பட்டம் அதோடு போனது. “நாளைக்குக் காலையில தொரை வாராரு. எறங்குட்டி உள்ள!”

இறங்கினேன். பிள்ளைகளும் இறங்கினார்கள். வேரோடு வேர் பின்னிக் கிடந்ததால் நான் புல்லை இழுக்க இழுக்கக் கோஸும் கூடவே வந்தது. களையைப் பிடுங்கினால் பயிரும் வந்துவிடும் என்றுதானே அந்த எஜமான் எச்சரித்தார்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கையில் செத்த கோஸோடு, “பாத்தீங்களாக்கா, வேதத்துல சொன்னது அப்படியே நடக்குது!” என்று கூவினேன். பதிலுக்கு ஒரு மண்ணாங்கட்டி வந்தது. குறி தப்பவில்லை.

மறுநாள் எஸ்டேட் மேனேஜர் துரை பார்த்தது வெறும் மண்ணும் ஒன்பது கோஸும். இந்த அம்மாளுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று பாதியைப் பிரித்துப் பாக்கியத்தின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. நான் அக்காவின் வீட்டு வாசலில் நின்று அழுதேன். அவர் அழவில்லை. “அழுதா எடம் வருமாட்டி? நாளையில இருந்து சாயங்காலம் வந்து களை பறி” என்றார். ஒரு வருஷம் பறித்தேன். ஒரு வசனமும் சொல்லவில்லை.

விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாக வைக்கும் அடுத்த அறுப்பின் பண்டிகைக்குப் பாக்கியம் தங்கள் பாதியில் விளைந்த கோஸைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து ஆல்டரில் வைத்தாள். சபைப் போதகரான ஐயர் பூரித்துப்போய், “இந்தத் தோட்டத்துல நீ என்னம்மா கத்துக்கிட்ட?” என்று கேட்டார்.

“டீச்சர் சொல்றத கேக்கக் கூடாதுங்கய்யா.”

சபையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அன்று தொடங்கிய சிரிப்பு இன்னும் எங்கள் வீட்டில் ஓயவில்லை. ஏதாவது சண்டையில் நான் ஒரு வசனத்தை எடுத்துவிட்டால் போதும், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கேட்பார்: “இது ஆத்துமாவுக்கா, கோஸுக்கா?”