சிவப்புப் பேனாவும் லிஃப்ட் கதவும்

பிழை பொறுக்காத ஜீவன்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா தெரியும். காய்ச்சல் என்று நீங்கள் விடுப்புக் கடிதம் நீட்டினால் உடம்பு எப்படி என்று கேட்கமாட்டார். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஆங்கில வார்த்தைகளில் தப்பானதைப் போட்டிருக்கிறீர்கள் என்று வட்டம் போட்டு, அகராதியைப் பிரித்துக் காட்டி, பக்கத்து மேசைக்காரரைச் சாட்சிக்கு இழுத்து, காய்ச்சலை இன்னும் இரண்டு டிகிரி ஏற்றிவிட்டுத்தான் ஓய்வார். வீட்டிலாவது சும்மா இருப்பாரா? அவர் மனைவி மளிகைப் பட்டியல் எழுதுவதையே விட்டுவிட்டார். கடைக்காரரிடம் வாயால் சொல்லிவிடுகிறார்.

எங்கள் சிவப்புப் பேனாவுக்கு அன்று பதினோரு மணிக்கு ஐந்தாம் மாடியில் பதவி உயர்வு நேர்காணல். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த பதவி. கீழே லிஃப்ட் கதவில் எலக்ட்ரீஷியன் ஆங்கிலத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, உதிரி பாகம் வாங்கப் போயிருந்தார்: பிரேக் கோளாறு, யாரும் ஏற வேண்டாம். நிறுத்துகிற பிரேக்குக்கு, உடைகிற பிரேக்கின் எழுத்துகளைப் போட்டுவிட்டார் மனிதர். நம்மவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. தாளைப் பிய்த்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார்.

அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்த டைப்பிஸ்ட் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அதான் புரியுதே சார், விட்டுடுங்களேன்."

"புரிஞ்சா போதுமாம்மா? நாலு பேர் பார்த்தா ஆபீஸைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அகராதி திறந்தது. விவாதம் அரை மணி நேரம் நடந்தது. அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், படியேறிப் போனார். நம்மவர் எழுத்தை அழகாகத் திருத்தி, அடியில் கோடும் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மணி பதினொன்றாக இரண்டு நிமிடம். தாளைக் கையில் பிடித்தபடியே ஓடி எதில் ஏறினார் என்று நினைக்கிறீர்கள்?

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் நின்றார். திரும்பி வந்த எலக்ட்ரீஷியன் வெளியிலிருந்து கேட்டார்.

"ஏறாதீங்கன்னு ஒட்டியிருந்தேனே சார், பாக்கலையா?"

"பார்த்தேன்," என்றது உள்ளேயிருந்து குரல். "அதுல ஒரு தப்பு இருந்துச்சு."

பதவி டைப்பிஸ்ட் அம்மாளுக்குப் போனது. எனக்கே மனது கஷ்டமாக இருந்தது. ஆறுதல் சொல்லப் போனேன்; அவர் அந்த அம்மாளின் நியமன ஆணை நகலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கும்போது ஏதாவது ஒரு வரியில் உங்கள் கை பேனாவைத் தேடியிருந்தால், இன்றைக்கு மட்டும் படியிலேயே ஏறிப் போங்கள்.