கேப்டனின் மஞ்சள் அட்டை

ட்ரூல்ஸ் ஆய்வகச் சோதனைத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். புள்ளி இருக்க வேண்டிய குழியில் ஒன்றுமே இல்லை. இருக்கக்கூடாத குழியில் அம்மை போட்ட மாதிரி புள்ளியாக அப்பிக் கிடந்தது.

அந்தச் சோதனையில் சூட்சுமம் எதுவும் கிடையாது. ஒருவருடைய ரத்த செல்களை மஞ்சள் காய்ச்சல் கிருமியின் துணுக்குகளோடு ஒரு நாள் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். என்றோ தடுப்பூசி போட்டவர் என்றால் அவருடைய நினைவு செல்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டு, ஆளுக்கொரு புள்ளி வைக்கும். போடாதவரின் ரத்தம் தேமே என்று கிடக்கும்.

தட்டில் இரண்டே பேர். போட்டவர், பேராசிரியர் ஹால்வார்ட். போடாதவர், டெக்னீஷியன் ட்ரூல்ஸ். அவர் இந்த ஐம்பத்து மூன்று வயது வரை பக்கத்து நாடான டென்மார்க்கைத் தாண்டிப் போனதில்லை.

ஹால்வார்டை ஆய்வகத்தில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் உள்ளூர் பெர்கன் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஏறி ஆப்பிரிக்காவின் லாகோஸ் வரை போய் வந்தவர். பயணம் ஏழு மாதம். அதைப் பற்றிய பேச்சு முப்பத்தாறு வருடமாக நடக்கிறது. கப்பல் ஏறுமுன் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்குக் கொடுத்த மஞ்சள் அட்டையைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார்.

'டியூபை மாத்திட்டேன்,' என்று ட்ரூல்ஸ் நினைத்துக்கொண்டார். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அவர் குடையை மறந்து வைக்காத பஸ் பெர்கனில் கிடையாது. போன வருடம் நிஜமாகவே இரண்டு டியூபை மாற்றிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன்," என்று இயக்குநர் மெரேத்தே அப்போதே சொல்லிவிட்டார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வரும் வெள்ளிக்கிழமை.

திங்கள்கிழமை நடந்ததை யோசித்துப் பார்த்தார். ஊசி போட்டவர் என்று வரவழைத்திருந்த ஆள் சளி பிடித்து வரவில்லை. "நம்ம கேப்டன் இருக்காரே," என்று எல்லோரும் திரும்பினார்கள். கேப்டன் முதலில் மீட்டிங் என்றார், அப்புறம் பல் டாக்டர் என்றார், கடைசியில் வந்து படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உரக்கப் பாட ஆரம்பித்தார்.

"இது கடல்காரன் பழக்கம்," என்றார்.

"ஆமா, ஆமா," என்றார் நர்ஸ் குன்வோர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது அவருக்கு.

அடுத்து ட்ரூல்ஸ் சட்டையை மடக்கியதும் குன்வோர் ஊசியை எடுக்காமல் இடது கையில் வளைந்திருந்த பழைய தழும்பையே பார்த்தார். "இந்தக் கையை எனக்குத் தெரியும் தம்பி."

"போன மாசமும் நீங்கதானே அக்கா எடுத்தீங்க?"

"அன்னிக்கு வலது கை குடுத்தே. மூஞ்சி எனக்கு மறந்துடும், கை மறக்காது. இதை ரொம்ப நாள் முன்னாடி எங்கயோ பாத்திருக்கேன்."

ரத்தம் கொடுத்தவர்களுக்கு வழக்கம்போல ஆளுக்கொரு இலவங்கப்பட்டை பன் கிடைத்தது. டியூபுகள் மேஜையில் இருக்க, ட்ரூல்ஸின் கவனமெல்லாம் பன்னில் இருந்தது. அங்கேதான் மாறியிருக்க வேண்டும்.

ஆகவே நோட்டை எடுத்து, இரண்டு பெயர்களையும் அடித்து, மாற்றி எழுதினார். இப்போது எல்லாம் சரியாக இருந்தது. மை காய்வதற்குள் கேப்டன் உள்ளே வந்தார்.

"என்னய்யா ட்ரூல்ஸு, எப்படி வந்திருக்கு?" கேட்ட குரலில் சுரத்தே இல்லை.

"பிரமாதம் கேப்டன். உங்க குழி முழுக்கப் புள்ளி."

"என்னோடதா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தியா? என்னோடதுதானா?"

"உங்களோடதுதான்."

கேப்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். தன் கையைத் தானே தடவிப் பார்த்தார். ட்ரூல்ஸுக்கு மனசு நெகிழ்ந்தது. இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகும் ஒரு மனிதர் இப்படி ஆச்சரியப்படுகிறாரே என்று தோன்றியது.

ஐந்து நிமிடத்தில் கேப்டனுக்குக் குரல் திரும்பிவிட்டது. "பாத்தியா? ஊசி போட்டதும் இந்த டி செல்லுங்க லட்சக்கணக்குல பெருகுது. வேலை முடிஞ்சதும் நூத்துக்குத் தொண்ணூறு செத்துடும். மிச்சம் இருக்கறது எலும்பு மஜ்ஜையில, அங்கங்க ஒதுங்கிக்கும், ரிடையரான மாலுமி மாதிரி. அப்பப்ப ஒண்ணு ரெண்டாகி ஆள் குறையாமப் பாத்துக்கும். பழைய எதிரி எட்டிப் பாத்தாப் போதும், முதல் தடவை மாதிரி வாரக்கணக்குல தடுமாறாது, சட்டுனு எழுந்துடும். ஆளு மறந்தாலும் அது மறக்காது."

"நிஜம் கேப்டன்."

"வெள்ளிக்கிழமை ஊருக்கே காட்டறோம். மெரேத்தேவைக் கூப்பிடறேன், பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன். நீயும் நானும், ரெண்டே ரத்தம்."

அதற்குமுன் ஒரு தடவை நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று ட்ரூல்ஸுக்குத் தோன்றியது. திங்கள்கிழமை ரத்தத்தில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. டியூப் மூடியிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் வாயால் எண்ணி, காப்பி கூடக் குடிக்காமல் சோதனையை மறுபடி செய்தார். புதன்கிழமை காலை தட்டைத் தூக்கிப் பார்த்தார். கேப்டன் குழி காலி. தன் குழியில் முன்னைவிட நாலு புள்ளி அதிகம்.

வீட்டிலிருந்த தன் சொந்த அக்காவுக்குப் போன் போட்டார்.

"எனக்குச் சின்ன வயசுல ஆப்பிரிக்கா போற ஊசி ஏதாவது போட்டாங்களா?"

"நீ டென்மார்க் போயே பெட்டியைத் தொலைச்சிட்டு வந்தவன். உன்னை யாரு ஆப்பிரிக்கா அனுப்புவா?"

"யோசிச்சுச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? ஒரு பன் குடுத்தா யார் கேட்டாலும் கையை நீட்டற ஆளு நீ. போன வருஷம் ரத்தம் குடுத்ததே மறந்துபோய், ஊசித் தழும்பைக் காட்டி பூச்சி கடிச்சுதுன்னு டாக்டர்கிட்ட போனே."

போனை வைத்துவிட்டு நேராகக் கேப்டன் அறைக்குப் போனார். தட்டிலேயே ஏதோ கோளாறு, வெள்ளிக்கிழமை விழாவைத் தள்ளிப் போடலாம் என்று இழுத்து இழுத்துச் சொன்னார்.

"உனக்கு உன் மேலயே நம்பிக்கை இல்ல, அதான் விஷயம்," என்று கேப்டன் தோளில் தட்டினார். "கவலைப்படாதே. உன் கையே படாம செஞ்சிடலாம். நாளைக்கு மெரேத்தே எதிரிலேயே குன்வோர் ரத்தம் எடுக்கட்டும். லேபிளை மெரேத்தே ஒட்டட்டும். தட்டை வெதுவெதுப்புல வைக்கற பெட்டியோட சாவியும் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. வியாழக்கிழமை கேப்டன் இரண்டு பாட்டுப் பாடினார். ட்ரூல்ஸ் அன்று பன் சாப்பிடவில்லை. குன்வோருக்கே அது கவலையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பகல், மழைக்கோட்டுகளோடு இருபது பேர் ஆய்வகத்தில் கூடினார்கள். மெரேத்தே பெட்டியைத் திறந்து, தட்டை எடுத்து, திரையில் பெரிதாகக் காட்டும் கருவியின் அடியில் வைத்தார். ஹால்வார்ட் என்று லேபிள் ஒட்டிய குழி வெள்ளை வெளேர் என்று இருந்தது. ட்ரூல்ஸ் குழியில் எண்ண முடியாத புள்ளி.

மெரேத்தே நோட்டைப் புரட்டினார்.

"செவ்வாய்க்கிழமையும் இதேதான் வந்திருக்கு. பேரை அடிச்சு மாத்தி எழுதியிருக்கீங்களே ட்ரூல்ஸ், ஏன்?"

"டியூபை மாத்திட்டேனோன்னு நினைச்சேன்."

"மாத்தினீங்களா, இல்லையா?"

"தெரியல," என்றார் ட்ரூல்ஸ். அவருக்கு அழுகை வந்தது. இருபது பேர் எதிரில் அழ வெட்கமாகவும் இருந்தது. மெரேத்தே கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒப்பந்தக் காகிதம் அவர் கண்ணிலேயே நின்றது.

கேப்டனின் முகம் சிவந்துவிட்டது. "இதுல சந்தேகம் என்ன இருக்கு? எல்லாத்தையும் குழப்பி வெச்சிருக்கான். என்கிட்ட அத்தாட்சி இருக்கு," என்று அறைக்கு ஓடி, சட்டத்தோடு மஞ்சள் அட்டையைத் தூக்கி வந்து எல்லோருக்கும் காட்டினார். "பேரு இருக்கு, தேதி இருக்கு, முத்திரை இருக்கு. செல்லு பொய் சொல்லும், இது சொல்லுமா?"

காப்பித் தட்டோடு வந்த குன்வோர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அட்டையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"அட, இது என் கையெழுத்துல்ல? துறைமுக ஆஸ்பத்திரியில நான் வேலைக்குச் சேந்த முதல் வாரம் போட்டது."

"அப்படியா? நல்லது. காப்பி ஆறிடப்போகுது," என்று கேப்டன் சட்டத்தை இழுத்தார். குன்வோர் விடவில்லை.

"ஹால்வார்ட்னு கூப்பிட்டதும் வந்த ஆளு, ஊசியைக் குத்தினதும் 'அவ்வளவுதானா அக்கா, வெளியில ஒருத்தர் எனக்குப் பன் வாங்கி வெச்சிக்கிட்டு நிக்கறார்'னு சொல்லிட்டு ஓடினான், இடது கையில தூண்டில் முள்ளு மாதிரி ஒரு தழும்பு. ட்ரூல்ஸ் தம்பி, அந்தச் சட்டையைக் கொஞ்சம் மடக்கிக் காட்டு."