கை நீட்ட ஆளில்லாத வார்டு

அன்புத் தம்பிக்கு,

ஆண்கள் வார்டு மூலைக் கட்டிலிலிருந்து உன் அண்ணன் எழுதுவது. கால் வீக்கம் வடிகிறது. உன்மேல் உள்ள கோபம் வடியவில்லை. அங்கே எல்லோரும் நலமாகவே இருப்பீர்கள், இருங்கள்.

உன் மகள் நர்ஸிங் படிப்பே வேண்டாமென்று போனில் அழுதாளாம், வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறாயாம். வராதே. வந்தால் உன் வண்டி டயரில் காற்று இருக்காது. அவள் ஏன் அழுகிறாள் என்று கேட்டாயா? நான் படுத்தபடியே பார்க்கிறேன். இந்த வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை நாள் முழுக்கப் போர்வை மடிக்க வைக்கிறார்கள், அதைத் தாண்டி ஊசி போட அனுப்பினால் கை நீட்ட ஆளில்லை. நேற்று உன் மகள் பக்கத்துக் கட்டில் தையல்காரரிடம் ஊசித் தட்டோடு போனாள். பின்னால் ஹெட் சிஸ்டர் நிற்கிறார். அந்த மனுஷன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "வேற யார்கிட்டயாவது பழகிட்டு வாம்மா" என்றார். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அந்த வேற யாரு எந்தக் கட்டில்ல இருக்காரு ஐயா?" என்றாள் இவள். எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நீ மட்டும் பழகிட்டா முதல் சட்டையைத் தைச்சே?" என்றேன். "துணி கத்தாதுங்க" என்கிறார்.

விடுவேனா? இனி என் தம்பி மகள் ஊசி ஏற்றினால்தான் மருந்து, இல்லையென்றால் உண்ணாவிரதம் மாதிரி மருந்தில்லாமல் கிடப்பேன் என்று ஹெட் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். "சார், உங்க நரம்பு எங்களுக்கே சிக்காது" என்றார். "அதுல பழகினா அப்புறம் எந்தக் கைக்கும் பயமில்லையே" என்றேன். யோசித்து, கூடவே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை கை நீட்டுகிறேன். எத்தனை முறை குத்தினாலும் முகம் சுளிக்க மாட்டேன். அவள் படிப்பை முடித்துத்தான் வருவாள். நீ இந்தப் பக்கம் தலைகாட்டாதே.

உன் மனைவிக்கு என் ஆசி. உனக்கு, நீ திருந்திய பிறகு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: காலையில் ஏற்றிவிட்டாள். முதல் குத்துக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர் வார்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவள் அசையவில்லை, அடுத்த குத்தில் நரம்பைப் பிடித்தாள். "பெரியப்பா, நான் போகலை. அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் அத்தோடு நிற்காமல், எங்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்று சிநேகிதிகளிடம் பெருமை பேசியிருக்கிறாள். அத்தனை பேரும் ஊசித் தட்டோடு என் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். எனக்கு இருப்பது இரண்டே கை. உன் கை என்னுடையதைவிடப் பருமன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைவரை காத்திராதே, நாளையே வா. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.