பெல்ட் அண்ணன் போட்ட மார்க்

மலாக்கா மாநிலத்திலேயே ஒரு சூப்பர் ஹீரோவுக்கு வேலை செய்ய அனுமதி மறுத்த ஒரே மனிதர் எங்கள் பெல்ட் அண்ணன்தான். சுங்கை ஊடாங்கில் சாரம் கட்டும் வேலையில் அவர்தான் எங்கள் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சாரத்தில் ஏறுகிறவனின் பெல்ட் கொக்கியைத் தன் கையால் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். "மாட்டிட்டேண்ணே" என்று சொன்னால் போதாது. ஒருமுறை பார்வையிட வந்த முதலாளியின் பெல்ட்டையே இழுத்ததில், முதலாளி அண்ணன் மேலேயே சாய்ந்துவிட்டார்.

அண்ணனோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிறு மதியம் அடுப்பில் கோழிக்கறி கொதிக்கும்போது அண்ணன் ஒரே படத்தைத்தான் போடுவார். அங்கி மாட்டிய ஒருவன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றும் படம். இருபது தடவையாவது பார்த்திருப்போம். அண்ணன் வேலைத்தளப் பாதுகாப்புப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஹீரோவுக்கு நூறு மார்க்கில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வருவார்.

"பாரு, ஹெல்மெட் இல்ல. பத்து மார்க் போச்சு."

"அண்ணே, அவனுக்கு மண்டையே இரும்புலா."

"இருக்கட்டும். கீழ நிக்கிறவன் மண்டையும் இரும்பாடா?"

நீள அங்கி மெஷினில் சிக்கும் என்று இருபதை வெட்டுவார். கிரேனைத் தூக்கினால் லைசென்ஸ் கேட்பார். ஒரு ஞாயிறு ஹீரோ மைனஸ் நாற்பதில் போய் நின்றான். பூட்ஸ் போட்டிருந்ததால் வில்லன் மட்டும் பாஸ்.

ஆனால் கட்டடத்திலிருந்து விழும் ஒருவனை ஹீரோ வெறுங்கையால் பிடிக்கும் காட்சியில் அண்ணனின் பேனா நகராது. மெர்லிமாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த குமாருக்கு இது பொறுக்கவில்லை.

"என்னாண்ணே, இதுக்கு வெட்டலயா? அவ்ளோ உயரத்துல இருந்து வந்தா கையே பிஞ்சிரும். தாக் போலே லா, முடியவே முடியாது!"

அண்ணன் படத்தை நிறுத்தினார்.

"என் தம்பி சாரத்துலேருந்து விழுந்தப்ப நான் கீழதான் நின்னேன். கொக்கி மாட்டிட்டியாடான்னு கேட்டேன். மாட்டிட்டேன்னான். நான் ஏறிப் பாக்கல." பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு கையையும் நீட்டினேன்டா. எட்டல. இவன் பிடிச்சிட்டான்ல? முழு மார்க்."

கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். அவர் ஊரான செலண்டாரில் கருமக்கிரியைக்குப் போயிருந்தோம். "கடைசி வரைக்கும் தன்னையே மன்னிக்கல, தம்பி" என்று அண்ணி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

பதினோரு வருடம் அவர் கீழே நிற்க, நான் மேலே ஏறினேன். ஒரு நாள்கூடப் பயந்ததில்லை. அதை அவரிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.