‘போனாக’ என்றால் எத்தனை பேர்?

பிறர் பெயரைக் காப்பாற்றக் கிளம்புகிறவனுக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டும். எனக்கு அந்த வயதில் வாய் மட்டும்தான் வேலை செய்தது.

சென்னையில் ஊடகவியல் படித்து, ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, தேனி பக்கத்து அல்லிநகரத்தில் வீட்டோடு இருந்தேன். (வேலையை விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லியிருந்தேன். வேலைதான் என்னை விட்டது.) அப்போது கம்பம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் தலைவி செல்லக்கண்ணு அம்மா மீது விசாரணை வரப்போவதாக இருந்தது. குடிநீர் போர்வெல் மோட்டாரைக் கழற்றித் தன் திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்று புகார். பதவியே போய்விடும் என்று பேச்சு. அவருடைய மருமகன் எனக்குத் தெரிந்தவர். அத்தையின் இமேஜை நிமிர்த்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

நான் போனபோது வாசலில் மைக்கோடு டி.வி.க்காரர்கள். அந்த அம்மா பாட்டுக்கு உள்ளே, வாய்க்கால் அடைப்பை எடுக்கச் சொல்லி யாரையோ போனில் விரட்டிக்கொண்டிருந்தார். நான் என் திட்டத்தை விரித்தேன். வெளிர்நிறக் கைத்தறிச் சேலை, நெற்றியில் கீற்று விபூதி, இடுப்பில் ஒரு குழந்தை. (குழந்தைக்குக்கூட ஏற்பாடு செய்திருந்தேன். அது என்னைக் கண்டதும் அழுதது.) யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

“தம்பி, அந்த மோட்டாரு...” என்று ஆரம்பித்தார்.

“எங்கிட்டயும் சொல்லாதீகம்மா. எனக்குத் தெரியாம இருந்தாத்தேன் தைரியமாப் பேச முடியும்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்தது மக்கள் ஆதரவு வீடியோ. குழாயடியில் பேச்சியம்மாள் என்ற அக்காவைப் பிடித்தேன். தண்ணீர் இல்லாமல் பட்ட பாட்டையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் வெளிச்சம், பின்னணி, குடத்தின் நிறம் எல்லாவற்றையும் கவனித்தேன், பேச்சைத் தவிர. ஒரே ஒரு வரி காதில் விழுந்தது. “அவுகதேன் மோட்டாரத் தூக்கிட்டுப் போனாக.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கு வேண்டியபடியே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்: திருடியது வேறு ஒரு கும்பல். அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, வெளியூர்க்காரர்களுக்கும் புரியட்டும் என்ற கருணையில் கீழே நல்ல தமிழில் எழுத்துப் போட்டேன்: ‘அவர்கள்தான் மோட்டாரைத் தூக்கிச் சென்றார்கள்.’ மேலே, ‘உண்மைத் திருடர்கள் யார்?’ என்று தலைப்பு. சோக வயலின் வேறு. மாவட்டமே பார்த்தது. உள்ளூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆதரவுச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி வட மாவட்டத்துக்காரர், எங்கள் பேச்சு பழகாதவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தக் கும்பலை அடையாளம் காட்டச் சொல்லிப் பேச்சியம்மாளைப் பேரூராட்சி அலுவலகத்துக்கு வரவழைத்தார். ஜன்னல் நிறையத் தலைகள், அதில் என் தலையும் ஒன்று. எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள் என்று அவர் துருவத் துருவ, அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே இருந்த தலைவியைக் கைகாட்டினார்.

“இந்தா, இங்கன உக்காந்திருக்காகள்ல, இவுகதேன்.”

சொல்லிக்கொடுத்த ‘தெரியாது’வைச் சொல்லித் தொலையுங்கள் என்று தலைவியைக் கண்ணால் கெஞ்சினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

“கும்பலெல்லாம் இல்ல சார், நா ஒருத்திதேன். எங்க ஊருல மரியாத குடுத்துப் பேசுனா ஒருத்தி பல பேரா ஆயிருவா.”

பிறகு நடந்ததைச் சொன்னார். கோடையில் மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. முறைப்படி எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் மழையே வந்துவிடும். தன் டிராக்டரிலேயே ஏற்றி, உள்ளே புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்ட உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அது திரும்பி வரும்வரை தன் தோட்டத்து மோட்டாரைக் கழற்றி ஊருக்கு மாட்டிவிட்டிருக்கிறார். திராட்சை காய்ந்தே போனது. அனுமதி வாங்காதது தப்புதான், அதற்கு என்ன உண்டோ செய்யுங்கள் என்றார். ஊருக்கே தெரிந்த கதை, கேட்க மறுத்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. பதவி போகும் என்று தெரிந்தும் குரல் பிசிறாமல் பேசிய அந்த மனுஷிக்கு நான் விபூதி பூசப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அதிகாரி எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். தலைவியின் பதவி தப்பியது, என் வேலை தப்பவில்லை.

எனக்கு வாய்த்த மனைவி காஞ்சிபுரத்துக்காரி. கல்யாணமான புதிதில் ஒருநாள் செல்லக்கண்ணு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மா வாசலிலிருந்தே, “கம்பத்துலருந்து வந்திருக்காக, காப்பி போடுத்தா,” என்று குரல் கொடுத்தாள். மனைவி வீட்டிலிருந்த டம்ளர்களையெல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். கூடத்தில் அந்த அம்மா ஒருவர்தான். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இந்தப் பிள்ளைக்கும் நீதேன் எழுத்துப் போட்டுக் குடுத்தியா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ‘வந்தாக’ என்றாலும், “எத்தனை பேர்?” என்று கேட்ட பிறகுதான் அடுப்பு பற்றும். என் விஷயத்தில் அந்தக் குழப்பமே இல்லை. அந்த அம்மாவின் ஊரில் இன்றைக்கும் என்னை ‘வந்தான்’ என்றுதான் சொல்கிறார்கள்.