கக்கூஸில் பிறந்த சர்க்யூட் போர்டு

பெற்ற தகப்பனைக் கக்கூஸ் வாசலில் நிறுத்திக் கெஞ்சவிட்டவன் நான். மறைத்து என்ன ஆகப்போகிறது, திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் தண்டச்சோறு. விழுப்புரத்தில் இன்வெர்ட்டர் செய்யும் ஒரு பட்டறைக்காரர், "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள சொந்தமா ஒரு சர்க்யூட் போர்டு பண்ணிக்கினு வா. நல்லா இருந்தா மறுநாளே வேலை" என்றிருந்தார். வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் ஒரு பிலிமைச் செம்புத் தகட்டில் ஒட்டி, அதன்மேல் டிசைன் அச்சிட்ட, ஒளி ஊடுருவும் ஷீட்டை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். ஷீட் வைக்கும்வரை மங்கலான சிவப்பைத் தவிர வேறு வெளிச்சமே படக்கூடாது. கையில் இருந்தது ஒரே துண்டு பிலிம். எங்கள் வீட்டில் இருட்டான இடமும் ஒன்றே ஒன்றுதான் (புரிந்திருக்குமே).

வெள்ளிக்கிழமை மதியம், கொல்லைப்புறக் கக்கூஸில் சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டுக்கொண்டு பாதி பிலிம் ஒட்டியிருப்பேன். கதவு இடிபட்டது. முண்டியம்பாக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு வந்த அப்பா.

"டேய், தொறடா! வயிறு கலக்குது!"

"பத்தே நிமிஷம்பா! வெளிச்சம் பட்டா எல்லாம் பூடும்!"

"தொறக்கலன்னா இங்கயும் எல்லாம் பூடும்டா!"

இந்த வேலையும் போனால் அப்புறம் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

"பக்கத்து வூட்டுக்குப் போப்பா!"

"செவுத்துத் தகராறுல மூணு வருசமா மூஞ்சியே பாக்காத மனுசன்கிட்ட போயி கக்கூஸ் கேக்கச் சொல்றியாடா, பாவி..."

பேச்சு பாதியில் நின்றது. பிறகு வெறுங்காலுடன் ஓடும் சத்தம்.

வெட்கமும் பயமுமாக, அவசர அவசரமாக ஷீட்டை வைத்துக் கண்ணாடியால் அழுத்தினேன். அப்புறம் வெயில், இறுகாத பிலிமைக் கழுவச் சலவைச் சோடாத் தண்ணீர், வேண்டாத செம்பை அரிக்கும் கரைசல். கோடுகள் தலைமுடி மாதிரி மெல்லிசாக விழுந்திருந்தன. அடடா, என்ன அழகு! விழுப்புரம் பஸ்ஸில் அதை மடியைவிட்டு இறக்கவில்லை. நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டறையில் நின்றேன்.

பட்டறைக்காரர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார்.

"தம்பி, ஷீட்ட திருப்பிப் போட்டு வச்சிட்டியா? எல்லாம் இடம் வலமா மாறிக் கெடக்குது. இத கண்ணாடில காட்டித்தான் படிக்கணும்."

வேலை போயிற்று.

வீடு திரும்பினால், அப்பா பக்கத்து வீட்டில் அந்த மூஞ்சி பார்க்காத மனிதருடன் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் அவரும்தான் எப்படிச் சண்டை போடுவார்? என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு வேறு வேலை கிடைத்து, வீட்டுக்குள்ளேயே மூன்று கக்கூஸ் கட்டினேன். என்ன பிரயோஜனம்? நான் எதற்குள் நுழைந்தாலும் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?" என்பாள் என் மனைவி.

"உம் புருசன் உள்ள பூந்துட்டான்மா. எதுக்கும் நான் பக்கத்து வூட்டாண்டயே இருக்கறேன்."